துணைவேந்தர் பதவியிலிருந்து பாராளுமன்றத்துக்கு: ஜீ.எல். பீரிசின் அரசியல் வாழ்வை எப்படி மதிப்பிடுவது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் பயிலும் மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து பாராளுமன்றத்துக்குச் சென்ற பேராசிரியர் ஜீ.எல். பீரிசின் அரசியல் வாழ்வை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது, அவ்வளவு கற்ற ஒருவர் ஏன் அத்தனை அணிகளுக்கு மாறினார், எங்களுடைய பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்களில் ஒருவர்கூட ஏன் பாராளுமன்றம் செல்லவில்லை என்பவையே அந்தக் கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு விடை கண்டால் மற்ற இரண்டுக்கும் பாதி வழி வந்துவிடலாம் என்பதால் அதை நடுவில் வைத்தே எழுதுகிறேன்.

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீரிஸ் 1994 முதல் 2015 வரையும், பின்னர் 2020 முதல் 2024 வரையும் பாராளுமன்றத்தில் இருந்தார். 1994, 2000, 2001, 2004, 2010, 2020 ஆகிய ஆறு பாராளுமன்றங்களுக்கும் அவர், கட்சியே பெயரிட்டு அனுப்பும் தேசியப் பட்டியல் வழியாகவே சென்றார். ஒரு மாவட்டத்து மக்களிடம் தன் பெயருக்கு விருப்பு வாக்குக் கேட்டு வென்று வந்தவர் அல்லர். அவருடைய அறிவையோ உழைப்பையோ நான் குறைத்து மதிப்பிடவில்லை. இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றில் அவருடைய கைபட்ட இடங்கள் பல. ஆனால் அவர் யாரால் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டார், யாருக்குப் பதில் சொல்லவேண்டியவராக இருந்தார் என்பதைக் கவனிக்காமல் அவருடைய சாதனைகளையும் சறுக்கல்களையும் விளங்கிக்கொள்ள முடியாது.

1946 இல் பிறந்த பீரிஸ் கல்கிசை புனித தோமையார் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதல் வகுப்பில் சித்தியெய்தி, றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட்டுக்குச் சென்றார். அங்கு 1971 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளுக்குள் கொழும்பிலும் இன்னொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். சான்றுச் சட்டம், ஆதனச் சட்டம், குற்றப் பொறுப்பின் பொதுக் கோட்பாடுகள் என்று அவர் எழுதிய நூல்கள் இலங்கையில் சட்டம் படித்த ஒரு தலைமுறைக்கே பாடநூல்களாக இருந்தன. எங்கள் பகுதியில் தொழில் பார்த்த சட்டத்தரணிகளின் அலுமாரிகளிலும் அவை இருந்தன. சட்ட பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பின்னர், 1980களின் இறுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1994 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அந்தக் காலத்தில் துணைவேந்தராக இருப்பது என்ன என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். தெற்கில் ஜே.வி.பி.யின் (மக்கள் விடுதலை முன்னணியின்) இரண்டாவது கிளர்ச்சியும் அதை அடக்கிய அரச வன்முறையும் நிகழ்ந்தபோது பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவியைப் பீரிசுக்கு முன்னர் வகித்த பேராசிரியர் ஸ்டான்லி விஜேசுந்தர 1989 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் ஒரு பக்கம், ஆயுதம் தாங்கியோர் இன்னொரு பக்கம், அரசாங்கம் மூன்றாவது பக்கம் என்று இழுபட்ட அந்தக் காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்து நடத்தியதே ஒரு சாதனைதான்.

அந்தப் பதவிக்கு ஒருவர் வரும் முறையையும் இங்கே கவனிக்க வேண்டும். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி, பல்கலைக்கழகப் பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கிறது; அவை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாகச் செல்கின்றன; அவர்களுள் ஒருவரை ஜனாதிபதி நியமிக்கிறார். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். பேரவையில் முதலிடம் பெற்றவர் நியமனம் பெறாமல் போவதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. ஆகவே துணைவேந்தராக வரும் எவரும், எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும், கடைசி முடிவு மேலே உள்ள ஒருவருடைய கையில்தான் இருக்கிறது என்பதை அறிந்தவராகவே அந்த நாற்காலியில் அமர்கிறார். தேசியப் பட்டியலும் ஏறத்தாழ அப்படியே இயங்குகிறது. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 மாவட்டங்களிலிருந்து வருகின்றன. மீதி 29 ஆசனங்கள் நாடு முழுவதிலும் கட்சிகள் பெற்ற வாக்குகளின் விகிதப்படி பகிரப்பட்டு, கட்சிச் செயலாளர் கொடுக்கும் பெயர்களால் நிரப்பப்படுகின்றன. 1988 இல் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தின் மூலம் இந்த ஏற்பாடு வந்தபோது, தேர்தல் களத்தில் இறங்க இயலாத அறிஞர்களும் துறைசார் வல்லுநர்களும் சட்டவாக்கத்துக்குப் பயன்படுவார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்துக்கு இந்த நாட்டில் கிடைத்த மிகச் சிறந்த உதாரணம் பீரிஸ்தான். அதன் பலவீனத்துக்கும் அவரையே உதாரணமாகக் காட்டலாம்.

1994 ஓகஸ்டில் பொதுசன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களுடன் ஆட்சிக்கு வந்தபோது பீரிஸ் நீதி, அரசியலமைப்பு விவகார அமைச்சரானார்; நிதி அமைச்சின் பிரதியமைச்சராகவும் இருந்தார். சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க சமாதானம் கொண்டுவருவதாகவும் புதிய அரசியலமைப்பு இயற்றுவதாகவும் வாக்குறுதி அளித்து வந்தவர். அந்த வாக்குறுதியைச் சட்ட வாசகங்களாக்கும் பொறுப்பு பீரிசின் மேசைக்கு வந்தது. அவருக்குத் துணையாக இருந்தவர்களுள் முதன்மையானவர், தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேசியப் பட்டியல் உறுப்பினராக இருந்த கலாநிதி நீலன் திருச்செல்வம். சட்டம் கற்ற இந்த இருவரும் சேர்ந்து செய்த வேலையின் விளைவாக 1995 ஓகஸ்ட் 3 ஆம் திகதி அதிகாரப் பகிர்வு யோசனைகள் வெளியாகின.

எங்களில் பலர் அந்தச் செய்தியைக் கேட்ட விதம் வேறு. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியில் பி.பி.சி. தமிழோசை கேட்ட காலம் அது. சுழற்றுபவர் கை மாறும்போது குரல் மங்கிப் பிறகு மீண்டும் எழும். ஏப்ரலில் பேச்சுவார்த்தை முறிந்து போர் மீண்டிருந்தது. ஜூலை 9 ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தின் மீது குண்டு வீசப்பட்டு, அங்கு தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். அதற்குப் பின்னர் ஒரு மாதம்கூட ஆகாத நிலையில்தான், இலங்கை இனிமேல் 'பிராந்தியங்களின் ஒன்றியம்' என்று அந்த வானொலி சொன்னது. அதை நம்புவதற்கு எங்களிடம் மனம் இருக்கவில்லை. ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அந்த யோசனைகளைப் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் இன்று, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த ஆவணத்தை நிதானமாக எடுத்து வாசிக்கும் எவரும் அதன் கனத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். 1978 அரசியலமைப்பின் இரண்டாவது உறுப்புரையில் உள்ள ஒற்றையாட்சி என்ற அடித்தளத்தையே அது கைவிட்டது. மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தத்தில் மாகாணங்களின் கையைக் கட்டிப்போட்ட ஒருங்கிய நிரலை, அதாவது மத்தியும் மாகாணங்களும் பகிர்ந்துகொள்ளும் அதிகாரங்களின் பட்டியலை, முற்றாக நீக்கி, அதிகாரங்களை மத்திக்கு உரியவை, பிராந்தியத்துக்கு உரியவை என்று இரண்டாகப் பிரித்தது. காணி பிராந்தியங்களுக்கு உரியதாக்கப்பட்டது. பிராந்தியப் பொலிஸ் சேவைக்கும் இடம் வைக்கப்பட்டது. அரசாங்கத்தின் பெயரால் கொழும்பிலிருந்து வெளிவந்த ஆவணங்களில் இதைவிடத் தூரம் சென்ற இன்னொன்றை நான் வாசித்ததில்லை. தொகுதி என்ற ஒன்று இல்லாத ஒருவரால்தான் இவ்வளவு துணிவாக எழுத முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஹம்பாந்தோட்டையிலோ குருநாகலிலோ விருப்பு வாக்குக் கேட்கவேண்டிய ஒருவருடைய பேனா அந்த வரிகளில் தயங்கியிருக்கக்கூடும்.

ஆனால் அதே காரணத்தினால்தான் அந்த வரிகளை அவரால் காப்பாற்றவும் முடியவில்லை. 1996 ஜனவரியில் வெளியான சட்ட வரைவிலேயே பின்வாங்கல் தொடங்கிவிட்டது. நாட்டின் ஒற்றுமைக்கு ஆபத்து என்று கருதினால் பிராந்திய சபையைக் கலைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்குக் கொடுக்கப்பட்டது. பீரிஸ் தலைமை தாங்கிய பாராளுமன்றத் தெரிவுக்குழு பலகாலம் கூடியும் ஐக்கிய தேசியக் கட்சியின் சம்மதம் கிடைக்கவில்லை. 1997 ஒக்டோபரில் இன்னொரு வரைவு வந்தது. 1999 ஜூலை 29 ஆம் திகதி நீலன் திருச்செல்வம் கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். 2000 ஓகஸ்ட் 3 ஆம் திகதி, முதல் யோசனைகள் வெளியாகிச் சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது 'பிராந்தியங்களின் ஒன்றியம்' என்ற வாசகம் அதில் இல்லை. அவ்வளவு நீர்த்துப்போன பிறகும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே அதன் பிரதிகளைத் தீயிட்டார்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு 150 வாக்குகள் தேவை. அது கிடைக்காது என்று தெரிந்ததும் வாக்கெடுப்பு கைவிடப்பட்டது. தமிழர் விடுதலைக் கூட்டணியும் அந்த வடிவத்தை ஆதரிக்க முன்வரவில்லை.

இதில் தோற்றது ஒரு வரைவு மட்டும் அல்ல என்று நான் நினைக்கிறேன். ஒரு நல்ல சட்ட வரைவை எழுதினால் அதன் தருக்கமே அதை நிறைவேற்றிவிடும் என்ற பல்கலைக்கழகத்து நம்பிக்கையும் அன்று தோற்றது. பல்கலைக்கழக மூதவையில் ஒரு பாடத்திட்டத்தை முன்வைத்துக் காரணம் காட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். பாராளுமன்றத்தில் காரணத்துக்குப் பின்னால் ஆட்கள் நிற்க வேண்டும். கம்பஹாவிலும் காலியிலும் ஊர் ஊராகச் சென்று இந்த வரைவு எங்களுக்கும் நல்லது என்று சொல்லக்கூடிய சொந்த ஆதரவாளர்கள் அந்த அமைச்சருக்கு இருக்கவில்லை. சந்திரிகாவின் ஆதரவு இருந்த வரையில் வரைவு உயிரோடு இருந்தது; அது தளர்ந்தபோது வரைவும் தளர்ந்தது.

2001 ஒக்டோபரில் பீரிஸ், எஸ்.பி. திசாநாயக்க முதலியோருடன் அரசாங்கத்தை விட்டு ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் சென்றார். ஓராண்டுக்கு முன்னர் எந்தக் கட்சியினர் அவருடைய சட்டமூலத்தை எரித்தார்களோ அதே கட்சியின் தேசியப் பட்டியலில் அடுத்த பாராளுமன்றத்துக்கு வந்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. ஆனால் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கம் 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. சமாதானத்துக்கு உண்மையான வாய்ப்பு அன்று அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அரசாங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். 2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் தொடங்கிய பேச்சுகளில் அவருக்கு எதிரே விடுதலைப் புலிகளின் சார்பில் அமர்ந்திருந்தவர் அன்ரன் பாலசிங்கம். டிசம்பரில் ஒஸ்லோவில், தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடங்களில் உள்ளகச் சுயநிர்ணயத்தின் அடிப்படையில், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பிலான தீர்வொன்றை ஆராய்வதற்கு இரு தரப்பும் இணங்கின. அந்த ஒரு வாக்கியத்துக்காகவாவது பீரிசின் பெயர் எங்களுடைய வரலாற்றில் நிற்க வேண்டும்.

அந்த வாக்கியம் எப்படிக் காற்றில் போனது என்பது பலரும் அறிந்த கதை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். நவம்பரில் சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தம் கைக்கு எடுத்தார். 2004 ஏப்ரல் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி தோற்றது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் வருத்தத்தோடு எழுதுகிறேன்.

2007 ஜனவரியில் கரு ஜயசூரிய தலைமையில் மகிந்த ராஜபக்சவின் அரசாங்கத்துடன் இணைந்தவர்களில் பீரிசும் ஒருவர். அப்போது முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டு ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. குடாநாடு கப்பலையும் விமானத்தையும் நம்பிக் கிடந்தது. பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். அந்த வீதி திறந்திருந்த காலத்தின் பேச்சுவார்த்தையாளர், அது மூடியிருந்த காலத்தின் அரசாங்கத்தில் அமைச்சரானார். 2010 இல் வெளிவிவகார அமைச்சரானார். அந்த ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதி இரண்டு தவணைகளுக்கு மேல் போட்டியிட முடியாது என்ற தடையை நீக்கிய 18ஆவது திருத்தம் நிறைவேறியது. ஜனாதிபதி ஆட்சிமுறையையே ஒழிப்போம் என்ற வாக்குறுதியோடு 1994 இல் பாராளுமன்றம் வந்தவர், அந்த முறையை இன்னும் பலப்படுத்திய அரசாங்கத்தின் வரிசையில் அமர்ந்திருந்தார். 2011 மே மாதம் புதுடில்லியில் இந்தியாவுடன் வெளியிட்ட கூட்டறிக்கையில், 13ஆவது திருத்தத்தின் மீது கட்டியெழுப்பப்படும் அதிகாரப் பகிர்வு நல்லிணக்கத்துக்கு உதவும் என்று சொல்லப்பட்டது. அதே 13ஆவது திருத்தத்தின் குறைகளை 1995 இல் ஒவ்வொன்றாகக் களைய முயன்றவர்தான் அந்த அறிக்கைக்கு இலங்கையின் பக்கத்தில் நின்றவர். 2012, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஜெனிவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை குறித்துத் தீர்மானங்களை நிறைவேற்றியபோது, நாட்டின் வெளிவிவகாரப் பொறுப்பு அவரிடமே இருந்தது.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. பீரிஸ் 2016 இல் பொதுஜன பெரமுனவின் தவிசாளரானார். 2020 இல் அதன் தேசியப் பட்டியலில் மீண்டும் வந்து கல்வி அமைச்சரானார். துணைவேந்தராக இருந்த ஒருவர் பல்கலைக்கழகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானது அதுவரை காணாத வாய்ப்பு என்று நான் எண்ணினேன். 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாசலில் திரண்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜனவரி 11 ஆம் திகதி காலை துணைவேந்தரே வந்து மீண்டும் அடிக்கல் நாட்டினார். யாருடைய உத்தரவு என்று அன்று பலவிதமாகப் பேசப்பட்டது. ஒரு துணைவேந்தர் மேலிருந்து வரும் அழுத்தத்துக்கும் கீழே நிற்கும் மாணவருக்கும் நடுவில் எப்படி நிற்கிறார் என்பதை அந்த அமைச்சரவையில் பீரிசைவிட அறிந்தவர் இருந்திருக்க முடியாது. அந்த அறிவு பல்கலைக்கழகங்களின் தன்னாட்சியைக் காக்கும் சட்டமாக மாறும் என்ற என் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அதே ஆண்டில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் வீதிக்கு வந்தார்கள். ஓகஸ்டில் அவர் மீண்டும் வெளிவிவகார அமைச்சுக்கு மாற்றப்பட்டார்.

2022 இல் கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுச் சென்ற பின்னர், ஜூலை 20 ஆம் திகதி பாராளுமன்றத்தில் நடந்த ஜனாதிபதித் தெரிவில் பீரிஸ் தம் கட்சியின் பெரும்பான்மையோருக்கு எதிராக டலஸ் அழகப்பெருமவை ஆதரித்தார். அடுத்த மாத இறுதியில் பன்னிரண்டு உறுப்பினர்களுடன் எதிரணியில் சுயாதீனமாக அமர்ந்தார். அந்த ஆசனத்திலிருந்து அவர் ஆற்றிய உரைகளில் பழைய சட்டப் பேராசிரியரின் குரல் மீண்டும் கேட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இனி, ஏன் இத்தனை மாற்றங்கள்? குணத்தைக் குறைசொல்வதை விட்டுவிட்டு அமைப்பைப் பார்க்கச் சொல்வேன். தொகுதியோ மாவட்டமோ உள்ள ஓர் உறுப்பினர் கட்சி மாறும்போது ஊருக்குப் போய்க் காரணம் சொல்ல வேண்டும். சந்தையில், கோயில் வீதியில், மரண வீட்டில் கேட்பார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த முறை தோற்கடிப்பார்கள். பீரிசுக்கு அப்படி ஒரு ஊர் இல்லை. அடுத்த பாராளுமன்றத்துக்கு வர வேண்டுமானால் அவருக்குத் தேவைப்பட்டது வெல்லக்கூடிய ஒரு கட்சியின் செயலாளர் எழுதும் ஒரு பெயர் மட்டுமே. மறுபக்கத்தில், ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு தலைவருக்கும் அவருடைய திறமை தேவைப்பட்டது. சந்திரிகாவுக்கு யாப்பு எழுதவும், ரணிலுக்குப் பேச்சுவார்த்தை நடத்தவும், ராஜபக்சக்களுக்கு வெளிநாடுகளில் வாதாடவும் அவர் வேண்டப்பட்டார். திறமையான சட்டத்தரணி எந்தக் கட்சிக்காரருக்கும் தோன்றி வாதாடலாம். அது அந்தத் தொழிலின் தருமம். சட்டவாக்க உறுப்பினரின் தருமம் வேறு.

இதற்கு மாறான உதாரணங்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எழுந்து நிற்கும் திருநெல்வேலி வளாகம் ஒருகாலத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி. அதன் அதிபராக இருந்த சு. நடேசபிள்ளை 1934 இல் காங்கேசன்துறையிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். 1947 பொதுத் தேர்தலில் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்திடம் தோற்றார், 1952 இல் அதே செல்வநாயகத்தை வென்று பாராளுமன்றம் சென்றார், 1956 இல் மீண்டும் தோற்றார். அவருடைய அரசியலோடு நான் உடன்படாவிட்டாலும், காங்கேசன்துறை மக்கள் அவரை வைத்ததும் இறக்கியதும் வெளிப்படையாக நடந்தன. உரும்பிராயில் பிறந்த சி. சுந்தரலிங்கம் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1947 இல் வவுனியாவில் சுயேச்சையாக நின்று வென்று டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். மலையகத் தமிழரின் குடியுரிமை தொடர்பான சட்டத்தின் காரணமாக 1948 டிசம்பரில் அந்தப் பதவியை விட்டு விலகினார். வவுனியா மக்கள் அவரைத் தொடர்ந்தும் தெரிவுசெய்தார்கள். அமைச்சர் பதவி போனாலும் ஆசனம் போகாது என்ற தைரியத்தைத் தேசியப் பட்டியலால் கொடுக்க முடியாது.

தேசியப் பட்டியலே தவறு என்று நான் சொல்லவில்லை. மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட, வெளிவிவகார அமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமரும், நீலனும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து 2018 இல் பாராளுமன்றம் வந்த எஸ்.எம்.எம். இஸ்மாயிலும் அவ்வழியாகவே வந்தார்கள். ஆனால் அது வாசலாக இருக்கலாம், குடியிருப்பாக இருக்கக்கூடாது. திறந்த பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளராக இருந்த ஹரிணி அமரசூரிய 2020 இல் தேசியப் பட்டியல் உறுப்பினராக வந்தார். 2024 இல் கொழும்பு மாவட்டத்தில் மக்களிடம் சென்று 6,55,289 விருப்பு வாக்குகளைப் பெற்றார். இன்று அவர் பிரதமர் பதவியில் இருந்து பேசும்போது அந்த வாக்குகளும் அவரோடு சேர்ந்து பேசுகின்றன. உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வுபெற்ற சி.வி. விக்னேஸ்வரன் 2013 இல் வட மாகாண சபைத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நின்று ஒரு லட்சத்து முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளைப் பெற்றார். பின்னர் தம் கட்சித் தலைமையோடு அவர் முரண்பட்டபோதும் பதவியில் நிலைத்திருக்க முடிந்ததற்கு அந்த வாக்குகளே காரணம்.

எங்களுடைய துணைவேந்தர்கள் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. வளாகம் 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரானவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவருக்குப் பின் வந்தவர் பேராசிரியர் அ. துரைராஜா. இவர்கள் மூவரும் மக்கள் மதிப்பைப் பெற்றவர்கள். தேர்தலில் நின்றிருந்தால் வென்றிருப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் 1983 இல், தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்த ஆறாவது திருத்தத்தின் கீழ் சத்தியம் செய்ய மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்த பிறகு, பாராளுமன்றம் என்பது எங்கள் மக்களின் மனதில் போக விரும்பும் இடமாக நீண்டகாலம் இருக்கவில்லை. இராணுவத்துக்கும் இயக்கங்களுக்கும் நடுவில் பரீட்சைகளை நடத்துவதும், மாணவரை உயிரோடு வைத்திருப்பதும், இரசாயனக்கூடத்துக்கு ஒரு போத்தல் அமிலத்தைக் கொண்டுவர அனுமதி வாங்குவதுமே அந்தப் பதவியின் முழுநேர வேலையாக இருந்தன. கட்சி அரசியலில் ஒரு பக்கம் சாய்ந்தவர் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. 2004 இல் இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பாராளுமன்றம் சென்றவர் மாணவர் ஒன்றியத்தின் முன்னணியில் நின்ற செல்வராசா கஜேந்திரன்.

இன்று அந்தத் தடைகள் பெரும்பாலும் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு துணைவேந்தர் அரசியலுக்கு வர விரும்பினால் அவரை நான் வரவேற்பேன், ஒரு நிபந்தனையோடு. ஏதாவது ஒரு கட்சி கொழும்பிலிருந்து நீட்டும் பட்டியலில் பெயரைக் கொடுக்காமல், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வேட்புமனுத் தாக்கல் செய்து, நெடுந்தீவுக்குக் குமுதினிப் படகிலும் வடமராட்சி கிழக்குக்கு அந்த மணல் வீதியிலும் சென்று, மீனவரிடமும் வெங்காயத் தோட்டக்காரரிடமும் தன் விருப்பு இலக்கத்துக்குப் புள்ளடி போடச் சொல்லட்டும். ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவருக்கு என் யோசனை இதுதான்: 1995 யோசனைகளையும் 1996, 1997 வரைவுகளையும் 2000 சட்டமூலத்தையும் ஒரே மேசையில் விரித்து, காணி, பொலிஸ், சபையைக் கலைத்தல் ஆகிய மூன்று விடயங்களை மட்டும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள், பிறகு 18ஆவது திருத்தம் நிறைவேறிய 2010 செப்டெம்பர் 8 ஆம் திகதிய ஹன்சாட்டை (பாராளுமன்ற உரைகளின் பதிவை) வாசியுங்கள். அவருடைய பேட்டிகளுக்கும் அவரைப் பற்றிய விமர்சனங்களுக்கும் அதன் பின்னர் செல்லலாம்.